காரிக்கரை வழி: முதுமையில் மலைநடையும் சேக்கிழார் கருத்தும்

பழவேற்காட்டு ஏரியின் தென்பகுதியில் வந்து கலப்பது ஆரணியாறு; வடமேற்கில் வந்து கலப்பது காளங்கியாறு. இவ்விரண்டும் மேற்கே ஆந்திர எல்லையை ஒட்டி எழும் மலைகளினின்று இழிந்து வருவன. ஏரியைச் சூழ்ந்த கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் முதலிய ஊர்களில் வாழும் மீனவர், வலை வளைக்கும் இடங்களைப் ‘பாடு’ என்னும் முறைவைப்பால் தம்முள் பகுத்துக்கொண்டு தொழில் செய்துவந்தமை பலரும் அறிந்தது. அவர்தம் வாழ்க்கை முழுவதும் நெய்தல். ஆயினும் அவர்தம் ஏரியின் உவர்ப்பைத் தணிக்கும் புனல் குறிஞ்சி தந்தது. அம் மலைப்பகுதியை நோக்கி முதியவர் ஒருவர் நடந்த நடையே இக்கட்டுரையின் பொருள்.

ஏரிக்கரையினின்று மேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், நாகலாபுரத்தை அடுத்து, இராமகிரி என்னும் ஊர் உள்ளது. தேவார வைப்புத்தலங்களுள் ஒன்றாகிய திருக்காரிக்கரை இதுவே எனக் கொள்வர். திருவொற்றியூரினின்று புறப்பட்ட திருநாவுக்கரசர் திருப்பாசூர், திருவாலங்காடு ஆகியவற்றை வணங்கி, பல ஊர்களையும் நெடிய மலைகளையும் படர்ந்த காடுகளையும் கடந்து, காரிக்கரையைப் பணிந்து, திருக்காளத்தி மலையை எய்தினார் என்பது பெரியபுராணம். காளத்தியில் அவர்க்குக் கயிலையைக் காணும் வேட்கை எழுந்தது. அதன்பின் நிகழ்ந்தவற்றை யாவரும் அறிவர்: கால் தேய்ந்தது, கை தேய்ந்தது, மார்பு தேய்ந்தது, கயிலையை அடையாமலே அவர் திருவையாற்றில் எழுந்தார்.

இப்பகுதியை அறிஞர் இருவகையாக நோக்குவதுண்டு. அடியாரின் அன்பை மிகுத்துக் காட்ட எழுந்த உயர்வுநவிற்சி இஃது என்பது ஒருவகை. நடந்து அடைய இயலாமற்போன தோல்வியை அருட்செயலால் ஈடுசெய்த கதை இஃது என்பது மற்றொருவகை. முன்பு யானும் முதற்கருத்தினையே உடையவனாக இருந்தேன். பத்துப்பாட்டுள் மலைபடுகடாத்தையும் சிலப்பதிகாரத்து நாடுகாண் காதை, காடுகாண் காதை ஆகியவற்றையும் இப்பகுதியோடு ஒருங்கு வைத்துப் பயின்றபோது, இவ்விரு கருத்தும் பொருந்தாமை புலனாயிற்று. தமிழ் மரபில் மலைவழி நடப்பதற்கென ஓர் ஒழுங்கு இருந்தது. அவ்வொழுங்கைச் சேக்கிழார் நன்கு அறிந்தே, அதன் உறுப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிவைத்து, ஆற்றுப்படையைத் தலைகீழாக்கிப் பாடினார் என்பதே ஈண்டு யான் நிறுவ முயல்வது.

இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. செங்கண்மாத்து வேள் நன்னன்சேய் நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிர்வரும் கூத்தர்க்கு வழி கூறுவதாக அமைந்தது. 1889ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டினை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்த நாள்தொட்டு, இப்பாட்டு மலையின் ஓசைகளைத் தொகுத்துரைக்கும் அழகிற்காகவே பெரிதும் பாராட்டப்பட்டு வருகின்றது. அப் பாராட்டுத் தகுவதே. ஆயினும் பாட்டின் நடுப்பகுதி முழுவதும் காட்சி கூறுவது அன்று, கால் வைக்கும் முறை கூறுவது என்பதைப் போதிய அளவு எவரும் வற்புறுத்தியதாகத் தோன்றவில்லை.

பாட்டின் தொடக்கமே சுமை கட்டுவதில் நிகழ்கின்றது. முழவும் ஆகுளியும் பாண்டிலும் கொம்பும் பிறவுமாகிய இசைக்கருவிகளைச் சுருக்கிப் பையில் இட்டுக் காவிக்கொண்டு கூத்தர் மலையேறுகின்றனர். அப்பைக்குப் புலவர் வழங்கும் பெயர் ‘கலப்பை’. கலத்தை உடைய பை என்க. உழுபடையைக் குறிக்கும் சொல்லோடு இதனை மயக்கும் மாணாக்கர் உளராதலின் இதனைக் கூற வேண்டியதாயிற்று. இன்று நெடுவழி நடப்போர் முதுகில் தூக்கும் மூட்டைக்குத் தமிழில் பெயர் தேடுவோர் இச்சொல்லை எண்ணிப் பார்க்கலாம்.

அடுத்து வழியின் இடர்கள். தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எங்கிருந்தேனும் வரும். மரத்தின் பின்னே மறைந்து செல்க. பன்றிக்கு வைத்த கற்பொறிகள் உள, விடிந்தபின் செல்க. வேல் முனையைக் காய்ச்சியது போலும் கூரிய கற்பாறை உண்டு. கதிரின் வெம்மை தணிந்தபின் அதனைக் கடக்க. வழுக்கும் இடத்தில் படர்ந்த கொடியைப் பற்றிக்கொண்டு, சிறுமக்களோடு ஒருவரை ஒருவர் காத்துச் செல்க. நின்று நோக்கினும் கண் மயங்கும் உயரத்தில் முழவின் கோலையே ஊன்றுகோலாகக் கொண்டு தளராது நடக்க. இரவு வந்துவிடின் கல்முழைஞ்சில், தம் வீட்டினுள் புகுந்தாற்போல, தங்குக. வழி தவறின் அகன்ற பாறையில் அமர்ந்து கருவிகளை இசைக்க. அது கேட்டுக் கானவர் வந்து பழமும் பூவும் தந்து முன்னின்று வழி காட்டுவர். கவர்த்த வழிகளில் செல்லும் வழியைத் துடைத்துப் புல்லை முடிந்து அடையாளம் இடுக. பின்வரும் புதியவர் அதனால் அறிவர்.

இவற்றுள் இறுதியாகக் கூறியது யான் பலகாலும் வியந்தது. பரிசில் பெறும் ஆர்வத்தோடு விரைபவனிடம், உனக்குப் பின் வருபவனுக்காகச் சற்றே நின்று புல்லை முடிந்துவிட்டுப் போ என்று கூறுவதற்கு நெடுவழி நடந்து பழகிய உள்ளம் வேண்டும். இக் கூத்தனுக்கு வயது இன்னது என்று புலவர் கூறினாரல்லர். ஆயினும் அவன் குரல் சென்று மீண்டவன் குரல்; அவனது அறிவு காலால் வந்த அறிவு.

இதனை ஈண்டு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அகப்பாட்டின் பாலையில் மலைவழி நடப்போர் பெரும்பாலும் இளையர். பொருள்வயின் பிரியும் தலைவனும், உடன்போக்கில் செல்லும் காதலரும் வழியின் கொடுமையை அறிவதில்லை, அறியினும் பொருட்படுத்துவதில்லை. அவ்வழியின் கொடுமையைச் சொல்லிக் கலங்குவோர் தாயும் தோழியும் ஆவர். ஆற்றுப்படையிலோ வழியின் கொடுமை அச்சமாக வாராது அறிவாக வருகின்றது. அவ்வறிவினைக் காப்பியம் முதியோரிடத்து ஒப்படைத்தது.

சிலப்பதிகாரத்துள் கவுந்தியடிகள் புகாரினின்று புறப்படுங்கால் எடுத்துக்கொண்டவை மூன்றே: பிச்சைப் பாத்திரமாகிய கடிஞை, தோளில் இட்ட அறுவை, கையில் மயிற்பீலி. இதனினும் குறைந்த சுமையோடு நெடுவழி சென்றோரை இலக்கியத்துள் காண்டல் அரிது. கோவலனையும் கண்ணகியையும் அழைத்துச் செல்லும் அவர் கூறும் இடர்களை மலைபடுகடாத்தோடு ஒப்பிடுக. வயல்வழியே சென்றால் நத்தும் நண்டும் காலில் மிதிபடும் என்கின்றார். சோலைவழியே சென்றால் தேன் பொதிந்த மலர்களில் தீங்கு நேரும் என்கின்றார். கூத்தன் தன் காலுக்கு வரும் ஊற்றைக் கூறினான். கவுந்தி தம் காலால் பிற உயிர்க்கு வரும் ஊற்றைக் கூறுகின்றார். நடையின் வேகமும் கருதத்தக்கது. நாளொன்றுக்கு ஒரு காவதத்திற்கு மேல் அவர்கள் கடந்திலர். தங்கிய நாள்கள் பல. பின்னர்ப் புறஞ்சேரி இறுத்த காதையில், வெயில் தாங்காத கண்ணகியின் பொருட்டு நிலவொளியில் இரவில் நடக்கின்றனர். இவையெல்லாம் மெல்ல நடக்கத் தெரிந்தவர்தம் ஒழுகலாறு.

காடுகாண் காதையில் எதிர்ப்படும் மாங்காட்டு மறையோனை முதியவன் என்றே இளங்கோவடிகள் அறிமுகப்படுத்துகின்றார். குடமலையைச் சார்ந்த மாங்காட்டினின்று புறப்பட்டு, அரங்கத்தையும் வேங்கடத்தையும் காணும் வேட்கையால் வந்தவன் அவன். சேரநாட்டு மேற்குமலையினின்று வடவேங்கடம் வரை முதுமையில் நடக்கத் துணிந்தவன். எனவே மதுரைக்கு வழி யாது என்று வினவப்பெற்றதும் மூன்று வழிகளையும் அவற்றின் இயல்புகளையும் விரித்துரைக்கின்றான். இடப்புற வழியில் திருமால்குன்றமும் அங்கே ஒரு பிலமும் அதனுள் மூன்று பொய்கைகளும் உள. அவற்றுள் மூழ்கினால் பெரும்பயன் எய்தலாம் என்பது அவன் வாக்கு. கவுந்தியடிகள் அதனை வேண்டா என மறுத்து இடைவழியே செல்கின்றார். சமயக் கொள்கையின் மறுப்பாகவே இதனைக் கொள்வது வழக்கு. அது சரியே. ஆயினும் இரு முதியோர் வழியில் நின்று, வியத்தகு பொய்கை உள்ள வழி வேண்டுமா, கால் நடக்கும் வழி வேண்டுமா என்று உரையாடும் இக்காட்சி, பின்வரும் சேக்கிழார் பொய்கைக்கு முன்னோடி போலும்.

இவ்வளவும் மனத்திற் கொண்டு திருநாவுக்கரசர் புராணத்தை நோக்குவோம். கயிலைப் பகுதியில் சேக்கிழார் அரசரின் வயதை எண்ணிக் கூறவில்லை. அவர் முதியவர் என்பதற்குச் சான்று யாது என்று வினவலாம். சமணத்துள் தருமசேனராய் நெடுங்காலம் இருந்து மீண்டவர். சிறுவராகிய ஞானசம்பந்தர் அவரை அப்பர் என்று அழைத்த நிகழ்ச்சி இதற்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது. 81 ஆண்டு வாழ்ந்தார் என்பது மரபுச் செய்தி. எனவே நடுவயது கடந்து முதுமையில் இருந்தார் எனக் கொள்ளுதல் மிகையன்று. இன்று இந்திய அரசு நடத்தும் கயிலை மானசரோவர்ச் செலவிற்கு 70 வயதைக் கடந்தோர் விண்ணப்பிக்க இயலாது. நாவுக்கரசர் வாயிலிலேயே தடுக்கப்பட்டிருப்பார்.

காளத்தியினின்று சீபருப்பதம் வழியாகத் தெலுங்கு, கன்னட நாடுகளையும், மாளவம் முதலியவற்றையும் கடந்து வாரணாசி எய்தியதைச் சேக்கிழார் விரைந்து கூறி முடிக்கின்றார். தொண்டைநாட்டவராகிய அவர் ஒற்றியூர் முதல் காளத்தி வரை ஊர் ஊராகக் கூறியதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தெளிவு. இப்பகுதி வறிது, நாட்டுப்பெயர்களின் அடுக்கேயன்றி வழியில்லை. ஆனால் வாரணாசிக்கு அப்பால் அவர் நடை மாறுகின்றது. உடன்வந்தாரை அங்கே விடுத்து அரசர் தனியே செல்கின்றார். மனிதர் போகலாகா நெறி அது. இலையும் கிழங்கும் கனியும் உண்பதையும் தவிர்த்தார். இரவிலும் நடந்தார், கொடிய விலங்குகள் அஞ்சி அகல, நாகங்கள் தம் மணியை விளக்காக எடுத்தன.

மலைபடுகடாத்துக் கூத்தன் கூறியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திப் பார்க்க. ஒருவரை ஒருவர் காத்துச் செல்க என்றான் அவன். இவர் துணையை விடுத்தார். இரவில் முழைஞ்சில் தங்குக என்றான். இவர் இரவெல்லாம் நடந்தார். வெம்மை தணிந்தபின் கடக்க என்றான். இவர் பொழுது நோக்கவில்லை. கானவர் தரும் பழம் உண்க என்றான். இவர் உணவையே நீத்தார். ஊன்றுகோலால் தளர்ச்சி நீங்குக என்றான்; இவர் கையையே காலாக ஊன்றி, அது தேய மார்பால் ஊர்ந்தார். பாம்புள்ள இடம் அறிந்து விலகுக என்றான்; இவர்க்குப் பாம்பே விளக்காயிற்று. ஒன்றிரண்டு பொருந்தினால் தற்செயல் எனலாம். ஒழுங்கு முழுவதும் மாறிவரக் காண்கின்றோம். பத்துப்பாட்டைச் சேக்கிழார் எதிரே வைத்துக்கொண்டு பாடினார் என்று யான் கூறவில்லை. வழிநடை நெறி என்று தமிழர் அறிந்திருந்த ஒன்றினை முழுதும் அறிந்தவரே இவ்வாறு முழுதும் மாற்ற இயலும்.

உறுப்புகள் தேயும் முறையும் இவ்வாறே எண்ணத்தக்கது. முதலில் தாள் பரடு வரை தேய்கின்றது, அடுத்துக் கை மணிக்கட்டு வரை, பின்னர் மார்பு, பின்னர் என்பு முரிய உடம்பைப் புரட்டிச் செல்லுதல். முதன்முறை படிப்போர்க்கு இவ்வரிசை பொறிபோல் இயங்குவதாகத் தோன்றும். எனக்கும் அவ்வாறே தோன்றிற்று. ஆனால் இவ்வரிசை மனிதன் நடை கற்றுக்கொண்ட வரிசையின் மறுதலை என்பதை நோக்குக. குழவி முதலில் புரளும். பின் மார்பால் ஊரும். பின் கையூன்றித் தவழும். பின் எழுந்து நடக்கும். முதியவராகிய அரசர் நடையினின்று தவழ்தலுக்கும், தவழ்தலினின்று ஊர்தலுக்கும், ஊர்தலினின்று புரளுதலுக்கும் பின்னோக்கிச் செல்கின்றார். எனவேதான் பின்னர் எழும் இறைவன் குரல் அவரை விளித்து எழுந்திரு என்று கூறுகின்றது. நடையை முதலிலிருந்து மீண்டும் பெறும் ஒருவர்க்கே அச்சொல் முழுப்பொருளில் பொருந்தும்.

இவ்விடத்துக் காளத்தியை மறத்தல் ஆகாது. காளத்தி மலைமேல் இளமையில் ஏறியவர் கண்ணப்பர். நாணனும் காடனும் உடன்வர வேட்டைக்கு வந்த திண்ணனார், மலையை நெருங்குந்தோறும் தம்மேல் உள்ள பாரம் நீங்குவது போல் உள்ளது என்று நாணனிடம் கூறுவதாகச் சேக்கிழார் பாடினார். மலைவழியில் ஏறுங்கால் சுமை குறைவதாக உணர்ந்த இளைஞர் அவர். அதே மலையில், சிகரத்து இறைவன் முன்னே வில்லேந்தி நிற்கும் கண்ணப்பரின் திருவடியை நாவுக்கரசர் பணிந்தார் என்றும் சேக்கிழாரே கூறுகின்றார். முதியவர் இளையவரின் அடியை வணங்கிய அவ்விடத்தில்தான் கயிலை வேட்கை பிறக்கின்றது. ஏறுந்தோறும் இளையவர்க்குப் பாரம் குறைந்தது; செல்லுந்தோறும் முதியவர்க்கு உடம்பே குறைந்தது. இரண்டையும் ஒரே ஆசிரியர், ஒரே மலையை நடுவாக வைத்துப் பாடினார் என்பதைத் தனித்தனியே புராணங்களைப் பயிலும் நம் பாடத்திட்டம் மறைத்துவிடுகின்றது.

இனித் திரும்புதல். முனிவர் வடிவில் இறைவன் ஒரு பொய்கையோடு அங்கே தோன்றுகின்றான். கயிலை மானிடர் அடைதற்கு எளிதன்று, மீள்வதே தக்கது என்கின்றான். இறைவன் இருக்கையைக் கண்டாலன்றி மாளும் இவ்வுடலோடு மீளேன் என்பது அரசர் விடை. ஆற்றுப்படையில் வழிகூறுவோன் சென்று மீண்டவன். அவன் எதிர்வருவோனை மேற்செலுத்துவான். திருமுருகாற்றுப்படையில் புலவன் இறைவன் இருக்கைகளுக்கு வழிகாட்டுவான். இங்கோ வழிகூறுவோன் இறைவனே. அவன் கூறும் வழி மலைக்கு அன்று, மலையினின்று ஊருக்கு. ஆற்றுப்படை தலைகீழாயிற்று என முன்னர்க் கூறியதன் பொருள் இதுவே.

முதிய வழிநடையாளரைத் திரும்புக என்று கூறுதல் உலகெங்கும் நிகழ்வது. அமெரிக்காவில் 1937இல் முழுமையுற்றதும் இன்று ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுடையதுமாகிய அப்பலாச்சியன் மலைவழியில், எம்மா கேட்வுட் என்னும் மூதாட்டி 1954இல் நடக்கத் தொடங்கி மெயின் மாநிலக் காட்டில் வழிதவறினார், மூக்குக்கண்ணாடி உடைந்தது, காட்டுக் காவலர் வீடு திரும்புமாறு அறிவுறுத்தினர். அவ்வாறே திரும்பினார். மறு ஆண்டு, 67ஆம் வயதில், தாமே தைத்த துணிப்பை ஒன்றைத் தோளில் இட்டு, கூடாரமும் இன்றி, வழி முழுவதையும் தனியே நடந்து முடித்தார். கவுந்தியடிகளின் அறுவையை நினைவூட்டும் பை அது. ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1689இல் வடநாட்டு நெடுவழியில் புறப்பட்டபோது அவர்க்கு வயது 45 அளவே. எனினும் மெலிந்த தோளைச் சுமை அழுத்தியதையும், வழியனுப்பினோர் அன்பால் தந்தவற்றை எறிய மனமின்றிச் சுமந்ததையும் தம் நூலில் தொடக்கத்திலேயே கூறினார். இவர்கள் இருவரையும் ஈண்டுக் குறித்தது ஒப்புமைக்காக மட்டும் அன்று. சுமையும் தளர்ச்சியும் திரும்புதலும் மெய்யான நடையின் உறுப்புகள் என்பதை உணர்ந்தோர், சேக்கிழார் பாடியதை வெறும் உயர்வுநவிற்சி எனத் தள்ளார்.

தோல்வி என்போர்க்கு விடை நாவுக்கரசர் தம் பதிகத்திலேயே உள்ளது. திருவையாற்றில் பாடிய அப்பதிகத்தில் கயிலை வரை நடந்த செய்தி வெளிப்படையாக இல்லை. உள்ளவை வேறு: பூவும் நீரும் சுமந்து செல்வார் பின்னே தாமும் புகுதல், சுவடு ஏதும் படாமல் ஐயாற்றை அடைதல், களிறும் சேவலும் குயிலும் மயிலும் நாரையும் தத்தம் துணையொடு வருதலைக் காணுதல், இறைவன் திருவடியைக் காணுதல். ‘சுவடு’ என்னும் சொல்லே இங்கு முதன்மையானது. வழிநடந்த இளைப்பின் வடு உடம்பில் இன்றி என்று கொள்ளலாம். காலடித் தடம் நிலத்தில் பதியாமல் என்றும் கொள்ளலாம். முன்னதைக் கொண்டால் தேய்ந்த உறுப்புகள் மீண்ட செய்தி கிடைக்கின்றது. பின்னதைக் கொண்டால் நிலத்தில் நடவாமல் நீரினுள் மூழ்கி எழுந்த செய்தி கிடைக்கின்றது. சேக்கிழார் இரண்டையும் கொண்டார். இச்செய்தி அவர்க்கு முன்பே வழங்கியிருக்கலாம், அதனை மறுக்கவில்லை. ஆனால் ஒரு சொல்லின் இருபொருளையும் கதையாக விரித்து, ஒன்றை மலையிலும் மற்றொன்றைப் பொய்கையிலும் அமைத்த திறம் அவருடையது.

இச்சொல்லின் பொருளை யான் தெளிந்தது நூலகத்தில் அன்று. பழவேற்காட்டு ஏரி பெரும்பாலும் ஆழமற்றது. முதியவர் பலர் நெடுங்கழியை ஊன்றிப் படகு செலுத்துவதையும், சிலர் இறங்கி நீருள் நடந்தே வலையைச் சரிசெய்வதையும் காணலாம். கரைச் சேற்றில் ஆழப் பதிந்த அடித்தடம், நீருள் இரண்டு முழம் சென்றதும் காணப்படவில்லை. நடை நிற்கவில்லை, சுவடு நின்றுவிட்டது. சுவடு படாமல் என்பதனை நடவாமல் என்று அதுவரை பொருள்கொண்டிருந்த யான் அன்று அதனைத் திருத்திக்கொண்டேன். படு என்னும் வினையும் அவர்கள் நாவில் வேறாக வழங்குகின்றது. மீன் பட்டது என்பர். தொழிலிடத்தையும் முறையையும் பாடு என்பர். நிலத்தில் பதிதலும் வலையில் அகப்படுதலும் ஒரு சொல்லுள் அடங்கும். சுவடு படாமை என்பதைப் பதியாமை என்பதோடு அகப்படாமை என்றும் உணர இடமுண்டு. சொல்லாராய்ச்சியில் இதனை மேலும் நீட்டுதல் கூடாது என்பதை அறிவேன். நெய்தல் மக்கள் வழக்கு உரையாசிரியர்க்குத் துணையாகும் இடங்கள் உண்டு என்பதற்கு இது போதும்.

கடலும் அரசர்க்குப் புதிதன்று. பல்லவன் ஏவலால் கல்லொடு கட்டிக் கடலில் இடப்பட்டபோது, அக்கல்லே தெப்பமாகத் திருப்பாதிரிப்புலியூர்க் கரையை அவர் அடைந்தார். அங்குச் சுமையே அவரைத் தாங்கிற்று, கால்கள் நடக்கவில்லை. கயிலை வழியில் சுமை எதுவும் இல்லை. கால்களே அவரைக் கைவிட்டன. மீண்டும் நீரே அவரை ஏற்றுக்கொண்டது. கவுந்தியடிகள் வேண்டா என்று விலக்கிய பொய்கை, வேண்டாமலே இவர்க்கு வந்தது.

திருவையாற்றுக் காட்சிக்குப் பின் நாவுக்கரசர் திருப்பூந்துருத்தியில் திருமடம் அமைத்துத் தங்கினார். அங்கு ஞானசம்பந்தர் முத்துச் சிவிகையில் வருவதைக் கேட்டு, எதிர்சென்று, கூட்டத்துள் தம்மை எவரும் அறியாதபடி புகுந்து, சிவிகை தாங்குவாரோடு ஒருவராய்த் தோள்கொடுத்துச் சுமந்து வந்தார். அப்பர் எங்கு உள்ளார் என்று பிள்ளையார் வினவியபோது, சுமந்து வரும் பேறு பெற்று இங்கே உள்ளேன் என்ற விடை சிவிகையின் கீழிருந்து வந்தது. பரடு வரை தேய்ந்த கால்கள் அப்பொழுது ஒரு சுமையோடு நடந்துகொண்டிருந்தன. கயிலைப் பகுதியைத் தனியே எடுத்துப் பயிற்றுவோர் அதனைத் திருவையாற்றுப் பொய்கையோடு நிறுத்தாமல், பூந்துருத்திச் சிவிகை வரை கொண்டுசென்று பயிற்றல் வேண்டும்.